உறுதிப்பூசுதற் பெயர் – இடுகுறியும் காரணமும்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக் காண்பது தமிழிலக்கண மரபு. நன்னூலார் இப்பகுப்பைச் சுருங்கக் கூறித் தெளிய வைத்தார். ஊர்ப்பெயர்களில் மறைந்து கிடக்கும் காரணங்களைத் துருவிக் கண்ட அறிஞர் பலர். 1946ஆம் ஆண்டில் வெளிவந்த இரா. பி. சேதுப்பிள்ளையவர்களின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ அத்துறையில் நமக்கு நல்லதொரு வழிகாட்டி. மக்கட்பெயரிலோ ஓர் இடர்ப்பாடு உண்டு. பெற்றோர் எத்துணைக் காரணங் கருதிப் பெயரிட்டாலும், பெயரைத் தாங்கும் குழவிக்கு அக்காரணம் தெரியாது. இட்டவர்க்குக் காரணமாய் நிற்பது தாங்குபவர்க்கு இடுகுறியாகவே வந்து சேர்கின்றது. தாங்குபவரே காரணம் அறிந்து, விரும்பி, ஒரு சமயச் சடங்கின் நடுவே தமக்கெனப் பெயர் கொள்ளும் வழக்கம் உலகில் அரிது. கத்தோலிக்கத் திருச்சபையின் உறுதிப்பூசுதற் சடங்கில், அதிலும் சிறப்பாக அயர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில், அத்தகைய வழக்கம் ஒன்று வேரூன்றியுள்ளது. அதன் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறுதிப்பூசுதல் என்பது அத்திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்று. திருமுழுக்குப் பெற்றவரின் நெற்றியில் ஆயர் கிறிஸ்மா என்னும் நறுமணத் தைலத்தைச் சிலுவை வடிவில் பூசி, தூய ஆவியின் கொடையை அவர்க்கு உறுதி செய்வார். பழைய இலத்தீன் வழிபாட்டில் ஆயர் கூறிய வாய்பாடு உறுதி பெறுபவரின் பெயரோடு தொடங்கிற்று. 1971ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அவ்வாய்பாட்டை மாற்றிற்று. எனினும் பெயர் முதலில் நிற்கும் அமைப்பை மாற்றவில்லை. அப்பெயர் புதியதாக இருத்தல் வேண்டும் என்று 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் கூறவில்லை. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பும் கூறவில்லை. சட்டம் வாய் திறவாத இடத்தில் வழக்கு வளர்ந்துள்ளது என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். புனிதர் பெயரைத் தேர்ந்து கொள்வது நெடுநாளைய திருச்சபை விதி என்று கருதுவார் பலர், அக்கருத்துப் பொருந்தாது.

சமய மாற்றத்தோடு பெயர் மாற்றம் இணைவது பல சமயங்கட்கும் பொதுவான செய்தியே. விவிலியத்தில் ஆபிராம் ஆபிரகாம் ஆகிறார். சீமோன் பேதுரு ஆகிறார். நம் நாட்டில் பெற்றோர் மருள்நீக்கியார் எனப் பெயரிட்ட பிள்ளை, சமணரிடையே தருமசேனர் எனப்பெற்று, பின்னர் இறையருளால் நாவுக்கரசர் எனப்பெற்ற வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைத்துள்ளார். இவற்றில் நாம் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. மருள்நீக்கியார் பெற்ற மூன்று பெயர்களும் பிறரால் இடப்பெற்றவை. ஒன்றேனும் அவர் தாமே தேர்ந்ததன்று. ஆபிரகாமுக்கும் பேதுருவுக்கும் இஃது ஒக்கும். பெயர் மாறுதல் வேறு. பெயர் தேர்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டமையாலேயே உறுதிப்பெயரின் வரலாறு பலரால் பிறழ உணரப்பட்டது.

பண்டைக் கிறித்தவரிடையே பெயர் தேர்ந்து கொண்டார் சிலர் உளர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்துச் செசாரியாவில் கொலையுண்ட எகிப்தியர் ஐவரைப் பற்றி யூசேபியுஸ் எழுதியுள்ளார். நீதிபதி பெயர் வினவியபோது, பெற்றோர் இட்ட பெயர்களை விடுத்து, எலியா, எரேமியா, எசாயா, சாமுவேல், தானியேல் என இறைவாக்கினர் பெயர்களையே அவர்கள் தம் பெயர்களாக உரைத்தனர். பெற்றோர் இட்டவை பிற தெய்வங்களின் பெயர்களாக இருந்தமையே காரணம். ஊர் யாது என்ற வினாவுக்கு எருசலேம் என்றனர். அவர்கள் குறித்தது விண்ணக எருசலேம். நீதிபதிக்கோ அது விளங்கவில்லை. சாவின் முன்னிலையில் கொண்ட பெயர்கள் அவை. பொதுமக்களின் வழக்கம் வேறாக இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக விளங்கிய தியோனீசியுஸ், பற்றுடையோர் தம் மக்கட்குப் பவுல் என்றும் பேதுரு என்றும் பெயரிடும் வழக்கத்தைக் குறித்துள்ளார். எனினும் இது விரைந்து பரவவில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் பேசிய யோவான் கிறிசோஸ்தோம், ஒரு விந்தையான வழக்கத்தைக் கடிந்துரைக்கிறார். பல விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, நெடுநேரம் நின்றெரிந்த விளக்கின் பெயரையே குழந்தைக்கு இடுவார்களாம். குழந்தை நீடு வாழும் என்பது நம்பிக்கை. இடுகுறிக்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. அறவோர் பெயரை இடுக என்று கிறிசோஸ்தோம் வற்புறுத்தியதன் உட்பொருள், பெயருக்குக் காரணம் வேண்டும் என்பதே.

இனி, உறுதிப்பூசுதல் திருமுழுக்கினின்று பிரிந்த வரலாறு காண்போம். கீழைத் திருச்சபைகளில் குழந்தைக்குத் திருமுழுக்களிக்கும் குருவே உடன்தானே தைலமும் பூசுவார். இரண்டும் ஒரே நாளில் முடிதலால் இடையே மற்றொரு பெயருக்கு இடமில்லை. மேலைத் திருச்சபையிலோ நெற்றியிற் பூசும் உரிமை ஆயர்க்கே உரியது என்று வரையறுக்கப்பட்டது. 416ஆம் ஆண்டில் முதலாம் இன்னொசென்ட் பாப்பரசர் குப்பியோ நகர ஆயர்க்கு எழுதிய திருமுகம் இதற்குச் சான்று. ஊர்கள் பல, ஆயரோ ஒருவர். ஆகவே திருமுழுக்குக்கும் உறுதிப்பூசுதலுக்கும் இடையே ஆண்டுகள் பல கழிந்தன. அந்த இடைவெளியிலேதான் இரண்டாம் பெயர் தோன்றிற்று என்பது நம் கருத்து.

தோன்றிய காலத்தில் அது தேர்வாகத் தோன்றவில்லை, திருத்தமாகத் தோன்றிற்று. 1281ஆம் ஆண்டில் கான்றர்பரிப் பேராயர் சான் பெக்காம் இலாம்பெத்தில் கூட்டிய சங்கம் ஒரு விதி வகுத்தது. குழந்தைகளுக்கு, சிறப்பாகப் பெண்குழந்தைகளுக்கு, இழிவும் காமக்குறிப்பும் உடைய பெயர்களை இடக் குருமார் உடன்படலாகாது. இட்டிருப்பின் உறுதிப்பூசும் ஆயர் அதனை மாற்றுக என்பது அவ்விதி. இங்குப் பெயரை மாற்றுபவர் ஆயர். உறுதி பெறும் பிள்ளையின் விருப்பம் வினவப்படவில்லை. தந்தையின் விருப்பமும் வினவப்படவில்லை. பெயர் மாற்றும் உரிமை ஆயரின் அதிகாரத்தின் ஒரு கூறாகவே கருதப்பட்டது.

அரச குடும்பங்களில் இதே உரிமை வேறொரு பயனுக்கு உதவிற்று. பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஆன்றிக்கும் கத்தரீன் தெ மெதிச்சிக்கும் 1551இல் பிறந்த மகனுக்கு அலெக்சாந்தர் எதுவார் என்று பெயரிட்டனர். எதுவார் என்பது ஞானத்தந்தையாக நின்ற இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்டின் பெயர். எட்வர்டோ சீர்திருத்தச் சமயத்தவர். 1565இல் உறுதிப்பூசுதலின்போது அப்பெயர் நீங்கி, மறைந்த தந்தையின் பெயரான ஆன்றி என்பது அம்மகனுக்கு வழங்கலாயிற்று. 1574இல் அரியணை ஏறிய மூன்றாம் ஆன்றி இவரே. இவர்தம் இளவல் எர்க்கியூல் என்பாரும் அவ்வாறே உறுதிப்பூசுதலில், இறந்துபட்ட தமையனார் இரண்டாம் பிரான்சுவாவின் பெயரைப் பெற்றார். கிரேக்க வீரன் ஒருவனின் பெயர் போய்ப் புனிதர் பெயர் வந்தது என்று இதனைச் சமய நோக்கில் விளக்குவாரும் உளர். ஆயினும் இரு மக்களும் பெற்ற பெயர்கள் அரியணையில் முன்னிருந்த தந்தை, தமையன் பெயர்களாய் இருத்தலை நோக்க, அரசுரிமையின் தொடர்ச்சியைக் காட்டும் கருத்தே மேலோங்கி நின்றது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பெயர் மாற்றம் வெறும் சடங்கன்று, நிலமும் பொருளும் அதனைச் சார்ந்து நிற்கும் என்பதை உணர்த்துவது இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு செய்தி. நார்போக்குப் பகுதியைச் சேர்ந்த காடி என்னும் குடும்பத்தில் ஒரு தந்தைக்கு வெவ்வேறு மனைவியரிடம் பிறந்த ஆண்மக்கள் மூவர்க்கும் தாமஸ் என்னும் ஒரே பெயர் திருமுழுக்கில் இடப்பட்டது. ஒரு வீட்டில் மூன்று தாமஸ்! இக்காலத்தார்க்கு இது நகைப்புக்கு இடனாகும். அக்காலத்திலோ ஞானத்தந்தையின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது இங்கிலாந்தில் பெருவழக்கு. ஆதலின் உடன்பிறந்தார் ஒரே பெயர் பெறுதல் அத்துணை அருமையன்று. மூவருள் இளையவர் உறுதிப்பூசுதலில் பிரான்சிஸ் என்னும் பெயரைப் பெற்றார். மூவரும் சட்டத்துறை புகுந்தனர். நடுவராகிய தாமஸ் அரசியார் மன்றத்தின் நீதிபதியானார்; 1588இல் அவர் இறந்தபின் பிரான்சிஸும் அம்மன்றத்தின் நீதிபதியாய், 1605இல் பொதுவழக்கு மன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தார். இளையவர் பெயர் மாறாதிருந்தால் அந்நாட்டு நீதிமன்ற ஏடுகளில் ஒரு தாமஸ் காடியை மற்றொருவரினின்று பிரித்தறிய நாம் பெரிதும் இடர்ப்பட்டிருப்போம்.

இச்செய்தியை நமக்குக் காத்துத் தந்தவர் எட்வர்டு கோக் என்னும் சட்ட வல்லுநர். 1628இல் வெளிவந்த அவர்தம் நூலில் நிலவுடைமைப் பத்திரங்களில் பெயர் பிழைபடுதல் பற்றிய ஆராய்ச்சி வருகின்றது. ஒருவர்க்குக் குடும்பப்பெயர்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறாக அமையலாம். திருமுழுக்குப் பெயரோ ஒன்றே. அங்ஙனமாயின், தாமஸ் எனத் திருமுழுக்குப் பெற்றவர் பிரான்சிஸ் என்னும் பெயரால் நிலம் வாங்கினால் அப்பத்திரம் செல்லுமா? செல்லும் என்பது கோக்கின் முடிவு. எட்டாம் என்றியின் 36ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1544–45இல், நீதிபதிகள் அனைவரின் அறிவுரைப்படி காடி பிரான்சிஸ் என்னும் பெயரை மேற்கொண்டு, அதன்பின் தம் கொள்முதல்களிலும் கொடைகளிலும் அப்பெயரையே வழங்கினார் என்று கோக் எழுதுகிறார். ஆயர் தைலம் பூசிய கையாலேயே ஒருவரின் சட்டப் பெயரையும் மாற்றினார் என்பது இதனாற் போதரும். திருமுழுக்குப் பெயரின் மேல் உறுதிப்பெயர் கூடுதலாய் வரவில்லை. அதனை நீக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்தது. இன்றைய வழக்கோடு ஒப்பிடுவார் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

சீர்திருத்தத்திற்குப் பின்னரும் இவ்வுரிமை இங்கிலாந்தில் வியப்பூட்டும் வகையில் நிலைத்தது. 1549ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலில் ஆயர் உறுதி பெறுபவரின் பெயரைச் சொல்லும் அமைப்பு இருந்தது. 1552ஆம் ஆண்டு நூலில் அது நீங்கிற்று. பெயரே சொல்லாத சடங்கில் பெயர் மாறுவது எங்ஙனம் என்ற ஐயம் எழுந்தமை இயல்பே. ஆயினும் 1946இல் ஓர் உயில் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி வெய்சி, திருமுழுக்குப் பெயரைத் தனிப்பத்திரத்தால் மாற்ற இயலாது என்றும், நாடாளுமன்றச் சட்டம், மகவேற்பு, உறுதிப்பூசும் ஆயரின் செயல் ஆகியவற்றாலேயே மாற்றவோ கூட்டவோ இயலும் என்றும் கருதினார். அக்கருத்தை அந்நாட்டு வழக்கு பின்பற்றவில்லை. பத்திரத்தால் முதற்பெயரை மாற்றுவது இன்று அங்கு எளிது. ஆனாலும் பெக்காமின் விதி தோன்றி 665 ஆண்டுகட்குப் பின்னும் ஒரு நீதிமன்றம் ஆயரின் உரிமையை நினைவு கூர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கத்தோலிக்க நாடுகளில் இதற்கிடையே கருத்து வேறு திசையிற் சென்றது. திரெந்து சங்கத்தையொட்டி 1566இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், திருமுழுக்குப் பெயர் புனிதர் ஒருவரின் பெயராக இருத்தல் வேண்டும் என்றும், அப்புனிதரின் வாழ்வைப் பின்பற்றவும் அவர்தம் துணையை வேண்டவும் அப்பெயர் தூண்டுதலாகும் என்றும் அறிவுறுத்திற்று. பெயர்க்குக் காரணம் இவ்வாறு இரண்டாக வகுக்கப்பட்டது: ஒன்று பின்பற்றல், மற்றொன்று துணை பெறல். குழந்தைப் பருவத்தில் இவ்விரண்டும் பெற்றோரின் நோக்கங்களே. வளர்ந்தபின் உறுதிப்பூசுதலுக்கு வரும் பிள்ளைக்கோ அவை தன் நோக்கங்களாக மாறக்கூடும். ஆயரின் திருத்தம் பிள்ளையின் தேர்வாக மாறுவதற்கு வழி இதுவே எனலாம்.

முதிர்ந்த வயதில் உறுதிப்பூசுதல் பெற்றோரிடம் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காண்கிறோம். ஆங்கிலத் திருச்சபையினின்று 1845 அக்டோபரில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்த சான் என்றி நியூமன், அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் ஆசுக்கட்டில் ஆயர் வைஸ்மனிடம் உறுதிப்பூசுதல் பெற்றபோது மேரி என்னும் பெயரைக் கொண்டார். நாற்பத்து நான்கு அகவையுடைய ஆடவர், ஆக்சுபோர்டின் புகழ்பெற்ற அறிஞர், பெண்பாற் பெயரொன்றைத் தேர்ந்தார்! மேலைநாட்டுக் கத்தோலிக்க ஆடவர் மரியாவின் பெயரைத் தம் பெயரோடு இணைத்தல் புதியதன்று. ஆனால் நியூமன் மரியாவின் மீதான பக்தியைக் குறித்து ஆங்கிலத் திருச்சபையார் எழுப்பிய தடைகளோடு நெடுங்காலம் போராடியவர். அத்தடைகளைக் கடந்து வந்தவர் அப்பெயரையே கொண்டது, எழுதாமல் எழுதிய ஒரு மறுமொழியாக நமக்குப் படுகிறது. 2019இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பிள்ளைகளிடையே இவ்வழக்கம் பரவியதற்கு வயதே பெருங்காரணம். 1910இல் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை, முதல் நற்கருணையை ஏழு வயதளவில் அளிக்குமாறு பணித்தது. அதற்கு முன்னர் நற்கருணையைப் பத்து, பன்னிரண்டு வயதில் பெற்றனர் பலர். நற்கருணை முன்னே சென்றது. பல நாடுகளில் உறுதிப்பூசுதல் பின்னே தங்கிற்று. அயர்லாந்தில் பதினொன்று, பன்னிரண்டு வயதில் தொடக்கப்பள்ளியின் இறுதியாண்டில் அதனைப் பெறுகின்றனர். அமெரிக்காவில் பதினாறு வயது வரையிலும் நீட்டிக்க ஆயர்கட்கு இடமளிக்கும் நெறி 2002இல் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதினர் தமக்கு ஒரு பெயரைத் தேர்ந்து, தேர்ந்த காரணத்தை ஆயர்க்கு மடலாக எழுதும் வழக்கமும் அங்குள்ள பங்குகள் பலவற்றில் உண்டு. பெக்காமின் காலத்தில் ஆயர் காரணம் கூறிப் பெயரை மாற்றினார். இக்காலத்தில் பிள்ளை ஆயர்க்குக் காரணம் கூறிப் பெயர் கொள்கிறது. உரிமை இடம் மாறியதை இதனினும் விளங்கக் காட்டும் சான்று வேண்டா.

இன்று இவ்வழக்கத்தை விரும்பாத அறிஞரும் திருச்சபையில் உளர். திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் ஒன்றன் நிறைவு மற்றொன்று ஆதலின், திருமுழுக்குப் பெயராலேயே உறுதி பெறுதல் இரண்டன் ஒற்றுமையையும் புலப்படுத்தும் என்பர். திருமுழுக்கின் ஞானப்பெற்றோரே உறுதிப்பூசுதலிலும் நிற்பது விரும்பத்தக்கது என்னும் 1983ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. இறையியல் நோக்கில் இவ்வாதம் வலிமையுடையதே. ஆயினும் பிறர் இட்ட பெயரோடு வாழும் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறை தாமே பெயர் தேரும் வாய்ப்பை இவ்வாதம் கருத்திற் கொள்ளவில்லை. ஒற்றுமையைக் காக்கும் பொருட்டு இவ்வாய்ப்பைக் கைவிடுதல் வேண்டுமோ என்பது எண்ணத்தக்கது.

தேர்ந்த பெயர் தேர்ந்தவரின் சமயப்பற்றைக் கடந்தும் நிற்கும் என்பதற்கு ஜேம்ஸ் ஜாய்ஸ் சான்று. 1882இல் டப்ளினில் பிறந்த அவர்க்கு ஜேம்ஸ் அகஸ்டின் என்று பெயரிட்டனர். அகஸ்டின் என்பது பிறப்புப் பதிவேட்டில் பிழையாக அகஸ்டா எனப் பதிவாயிற்று. கிளாங்கோசு என்னும் இயேசு சபைப் பள்ளியில் பயின்றபோது உறுதிப்பூசுதலில் அவர் அலோசியுஸ் என்னும் பெயரைக் கொண்டார். அலோசியுஸ் கொன்சாகா இயேசு சபையில் சேர்ந்த இத்தாலியப் பெருங்குடி இளைஞர். கொள்ளைநோய் கண்டோர்க்குத் தொண்டு செய்து, தாமும் நோயுற்று, 1591இல் உரோமையில் இருபத்து மூன்றாம் வயதில் உயிர் நீத்தவர். மாணவர்க்குப் பாதுகாவலராகப் போற்றப்படுபவர். அச்சபையின் பள்ளி மாணவர் ஒருவர் அப்பெயரைக் கொண்டதில் புதுமையில்லை. ஜாய்ஸ் பின்னாளில் திருச்சபையை விட்டு நீங்கினார். அவர்தம் வரலாறு எழுதுவோர் இன்றும் ஜேம்ஸ் அகஸ்டின் அலோசியுஸ் ஜாய்ஸ் என்றே முழுப்பெயரையும் குறிக்கின்றனர். தந்தை இட்டதும், எழுத்தர் பிழைத்ததும், தாமே தேர்ந்ததும் ஆகிய மூன்று பெயர்களும் ஒருவர் வாழ்வில் வந்து சேர்ந்தன. அம்மூன்றனுள் காரணப்பெயர் மூன்றாவதே. காரணம் மறைந்தபின் அதுவும் இடுகுறிபோல் நின்றுவிட்டது. இலக்கண உரையாசிரியர் காரண இடுகுறி என ஒரு வகை கூறுவரே, அதனை ஒருபுடை ஒப்பது இது.

அலோசியுஸ் என்னும் இப்பெயரே நம் ஆராய்ச்சியைத் தமிழகத்திற்குக் கொணர்கின்றது. தமிழ்க் கத்தோலிக்கர் இப்புனிதரை ஞானப்பிரகாசியார் என வழங்குவர். அயர்லாந்துச் சிறுவர் ஒலியாக மட்டும் கொண்ட பெயர், தமிழ்ச் சிறுவர்க்குப் பொருளோடு வருகின்றது. பேதுரு இராயப்பர் எனவும், பவுல் சின்னப்பர் எனவும், யோவான் அருளப்பர் எனவும் வழங்கப்பெற்றனர். இலத்தீனில் பவுல் என்பது சிறியவர் என்னும் பொருளது. எபிரேயத்தில் யோவான் என்பது இறைவன் அருளினான் என்னும் கருத்தினது. ஆகவே சின்னப்பர், அருளப்பர் என்பன பெயரின் மொழிபெயர்ப்புகளே. யோவான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனதும், கொன்ஸ்தான்சோ பெஸ்கி வீரமாமுனிவர் எனப் புகழ்பெறுமுன் தைரியநாதர் எனத் தம் பெயரைத் தமிழ்ப்படுத்தியதும் இம்முறைபற்றியே. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளை இலாசர் என்னும் பெயரின் பொருளாகிய தேவசகாயம் என்பதைப் பெற்றார். இறைவன் உதவினான் என்பது அதன் பொருள். 1752இல் காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்த அவர், 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பெயரின் பொருளை விரித்துப் புனிதர் வரலாற்றைத் தொடங்கும் முறை மேலை இலக்கியத்திலும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த ‘பொன் வரலாறு’ பல புனிதர்களின் பெயர்க்குச் சொற்பொருள் கூறிய பின்னரே வாழ்வைக் கூறும். சிசிலியா என்பதை வானத்து அல்லி எனப் பிரித்துக் காட்டுவது போன்ற விளக்கங்களை இன்றைய மொழிநூலார் ஏலார். ஆயினும் பெயரே வாழ்வின் சுருக்கம் என்னும் நம்பிக்கை அவற்றில் விளங்குகின்றது. அம்மரபைச் சார்ந்த ‘பிளோஸ் சாங்க்தோரும்’ என்னும் புனிதர் வரலாற்றைத் தமிழில் எழுதி 1586இல் அச்சேற்றினார் என்றிக்கே என்றிக்கசு அடிகளார். அந்நூல் 1967இல் ச. இராசமாணிக்கம் அடிகளாரால் மீண்டும் பதிப்பிக்கப்பெற்றது. மேலைநாட்டார் சொற்பொருள் கூறி முடித்துவிட்டு ஒலிப்பெயரை அப்படியே வழங்கினர். தமிழகத்தில் பணிபுரிந்தோரோ சொற்பொருளையே பெயராக்கினர். இங்குப் பிள்ளைக்கு அருளப்பன் என்று திருமுழுக்கிலேயே பெயரிட்டால், அதன் பொருளை விளக்கத் தனிநூல் வேண்டியதில்லை. தேர்வில்லாவிடினும் பொருள் தொடக்கத்திலேயே விளங்கிற்று.

1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் பேதுரு, பவுல், யோவான் என்னும் ஒலிவடிவங்களைக் கொண்டது. கிறித்தவப் பிரிவுகள் பலவும் ஒரே விவிலியத்தைப் பயில்வதற்கு அது வேண்டியதே. அதன்பின் அருளப்பன் என்னும் பெயருடையார் கோயிலில் தம் பாதுகாவலரின் நற்செய்தியைக் கேட்கும்போது யோவான் என்னும் பெயரையே கேட்கின்றனர். சின்னப்பன், இராயப்பன் என்னும் பெயர்கள் குடும்பங்களில் வழங்குகின்றன, விவிலியத்தில் இல்லை. ஞானப்பிரகாசியாரோ விவிலியத்தில் வாராத பிற்காலப் புனிதர் ஆதலின் அவர்க்கு இம்மாற்றம் நேரவில்லை. ஜாய்ஸ் அலோசியுஸ் எனக் கொண்ட புனிதர் தமிழகக் கோயில்களில் இன்றும் அப்பழைய தமிழ்ப்பெயராலேயே அழைக்கப்படுகின்றார்.